பார்க்க அழகு, புழங்கத் தோது: சமையலறைப் பொருட்கள் கேள்வி-பதில்

புது வீடு, சமையலறைச் சீரமைப்பு, கல்யாணச் சீர் என்று கடைக்குக் கிளம்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. எல்லாமே பொருளின் தோற்றத்தில் தொடங்கி, அதைத் தினமும் கழுவித் துடைத்துப் புழங்குவதில் வந்து நிற்கிற கேள்விகள்.

மூன்று பர்னர் வைத்த கறுப்புக் கண்ணாடி அடுப்பு வாங்க ஆசை. தெரிந்தவர் வீட்டில் கண்ணாடி திடீரென்று வெடித்துச் சிதறியதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, திருப்பூர்

வாங்கலாம். ஆனால் கண்ணாடியின் நிறத்தையும் பூவேலையையும் பார்ப்பதற்கு முன்னால், பர்னர்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இந்த அடுப்புகளில் இருப்பது 'டஃபன்ட்' கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, இரு பக்கமும் குளிர்காற்றை அடித்துச் சட்டென்று ஆற்றுவார்கள். மேற்பரப்பு இறுகி அழுத்தத்தில் நிற்கும், உள்பகுதி இழுவிசையில் நிற்கும். அதனால்தான் அத்தனை பலம். ஆனால் விளிம்பில் ஓரிடத்தில் லேசாகப் பெயர்ந்தாலும் அந்தச் சமநிலை குலைந்து முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடியாகிவிடும். 'தானாக வெடித்தது' என்று சொல்வதில் பலவும், என்றைக்கோ விளிம்பில் பட்ட அடி பிறகு ஒரு நாள் சூட்டில் வேலையைக் காட்டியதுதான். கண்ணாடி தயாரிக்கும்போதே உள்ளே தங்கிவிடும் நிக்கல் சல்ஃபைடு துகளாலும் அபூர்வமாக உடைவதுண்டு. அதை வாங்குபவர் கண்டுபிடிக்க வழியில்லை, உத்தரவாதம்தான் கைகொடுக்கும். ஆகவே உத்தரவாத அட்டையில் கண்ணாடிக்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே படித்துவிடுங்கள்.

இனி இடைவெளிக்கு வருவோம். உங்கள் வீட்டு இட்லிக் குண்டானின் விட்டம் 28 செ.மீ., பக்கத்துப் பர்னரில் வைக்கும் குழம்புப் பாத்திரம் 24 செ.மீ. என்று வையுங்கள். இரண்டிலும் பாதியைக் கூட்டினால் 26. நடுவில் தீ மூச்சுவிட 3 செ.மீ. சேர்த்தால் 29. ஒரு பர்னரின் மையத்திலிருந்து அடுத்த பர்னரின் மையம் வரை 29 செ.மீ.யாவது வேண்டும். ஒல்லியாக, நாசூக்காகத் தெரிகிற மூன்று பர்னர் அடுப்புகள் பலவற்றில் இந்த இடம் கிடைக்காது. பாத்திரங்கள் ஒன்றையொன்று முட்டும். நடுவில் மாட்டிக்கொண்ட சூடு கீழே திரும்பிக் கண்ணாடியின் ஒரு பகுதியை மட்டும் காய்ச்சும். ஒரு பகுதி கொதித்து மறுபகுதி குளிர்ந்திருப்பதுதான் கண்ணாடிக்கு ஆகாது. இடம் போதாதென்றால் மூன்றை விட்டுவிட்டு, அதே அகலத்தில் இரண்டு பர்னர் வைத்ததை வாங்குவது நல்லது.

கண்ணாடியின் தடிமன் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 8 இருந்தால் நிம்மதி. நான்கு விளிம்பையும் உலோகச் சட்டம் மூடியிருக்கிறதா பாருங்கள். சட்டம் இல்லாமல் பளபளவென்று விளிம்பு தெரிகிற மாடல் கண்ணைப் பறிக்கும். ஆனால் குக்கரின் கைப்பிடி வந்து மோதுவது அந்த விளிம்பில்தான். பர்னர் பித்தளையாக இருக்கட்டும். பர்னர் மூடியைக் கையால் திருப்பிப் பாருங்கள், ஆடாமல் உட்கார வேண்டும். மூடி சாய்ந்து உட்கார்ந்தால் தீ ஒரு பக்கம் கீழ்நோக்கி நக்கும். அடுப்பை அணைக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால் தீ பர்னருக்குள் பின்வாங்குகிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் கண்ணாடிக்கு அடியில் உள்ள குழாயும் சூடாகும், மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுங்கள். ஐ.எஸ். 4246 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத அடுப்பைத் தொடவே வேண்டாம்.

புழக்கத்தில் நான்கு விஷயம். பால் பொங்கி வழிந்த சூட்டோடு ஈரத்துணி போடாதீர்கள், 20 நிமிடம் ஆறட்டும். கம்பி நார் வேண்டாம். அழுக்குப் படக்கூடாதென்று அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம், அது சூட்டைத் தடுத்துக் கண்ணாடிக்கே திருப்பிவிடும். கொதிக்கும் குக்கரை இறக்கிக் கண்ணாடியின் காலி இடத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. சிலிண்டர் வெளியே தெரிவது அழகில்லை என்று மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். எனவே அந்தக் கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, காற்று வெளியேறும் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் ஜாலி வைத்தால் பயனில்லை. ரப்பர் டியூபை மரப்பலகைக்குள் மறைக்காமல், முழு நீளமும் கண்ணில் படும்படி விட்டு, 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கறுப்பு நிறக் குழாயும் கறுப்பு சிங்க்கும் போடச் சொல்கிறார் இன்டீரியர்காரர். எங்களுக்கு போர் தண்ணீர்தான். சரியாக வருமா?
– வாசகர், தாம்பரம்

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, நீர் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கும். எந்தக் குழாயிலும் தங்கும். கறுப்பில் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைக்க ஆள் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மங்கலான சாட்டின் ஸ்டீல் நிறமே போர் தண்ணீருக்கு ஏற்றது.

கறுப்பிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்று பவுடர் கோட்டிங்: வண்ணத்தூளைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. பாத்திரம் இடிக்கும் முனைகளில் பெயரும், அடியில் உள்ள உலோகம் தெரியும். மற்றது பி.வி.டி.: வெற்றிட அறையில் உலோக ஆவியைப் படியவைப்பது. விலை கூடுதல், கீறல் சுலபத்தில் விழாது. கடைக்காரரிடம் எந்த ரகம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வெள்ளைப் புள்ளி படிந்துவிட்டால் ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து 5 நிமிடம் சுற்றிவைத்துக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கொண்டுபோனால் பூச்சே போய்விடும்.

சிங்க்கில் நிறத்தைவிட மூலையைப் பாருங்கள். கையால் மடித்து வெல்டிங் செய்த சதுர சிங்க்குகள் இப்போது மோஸ்தர். அதில் மூலைகள் கத்தி வெட்டினாற்போல 90 டிகிரியில் இருக்கும் ரகம் படத்தில் மிக அழகு. நேரில் அந்த மூலைக்குள் ஸ்பாஞ்ச் போகாது. சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும் அங்கேயே தங்கி நாறும். மூலை 10 மி.மீ. ஆரத்தில் வளைந்திருந்தால் பார்வைக்குச் சதுரமாகவே இருக்கும், விரல் நுனியும் உள்ளே போகும். அடிப்பலகையில் ஓட்டையை நோக்கி நான்கு கோடுகள் மடித்திருப்பார்கள். அவை அலங்காரமல்ல, தண்ணீர் வழிவதற்கான சரிவு. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, குளம் கட்டினால் வேண்டாம். தகடு 1 மி.மீ.யாவது இருக்கட்டும், அடிப்பக்கம் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் பாத்திரம் போடும்போது 'டமார்' சத்தம் குறையும்.

ஸ்டீலில் 304 தரம் கேளுங்கள். அதில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். மலிவாக வரும் 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். உப்புத்தண்ணீரில் சீக்கிரம் துருப்புள்ளி விழும். 'காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304' என்று கடையில் சொல்வார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. காந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

சிம்னி வாங்கப் போனால் மணிக்கு 1,200, 1,400 கன மீட்டர் என்று உறிஞ்சும் திறனைச் சொல்கிறார்கள். வளைந்த கண்ணாடி, சாய்வுக் கண்ணாடி, ஃபில்டர் இல்லாதது என்று வடிவமும் ஏகப்பட்டது. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, மதுரை

முதலில் உங்கள் அறையைக் கணக்கிடுங்கள். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 800 கன அடி, அதாவது சுமார் 22.6 கன மீட்டர். அந்தக் காற்றை மணிக்கு 15 முறை மாற்றினாலும் 340 கன மீட்டர்தான் வருகிறது. ஆகவே 1,200-க்கும் 1,400-க்கும் இடையே பணம் கொட்ட வேண்டியதில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் எண் உங்கள் வீட்டுக் குழாயோடு சேர்த்து அளந்ததும் அல்ல. நிஜத்தில் கிடைப்பதை முடிவு செய்வது குழாய்தான்.

குழாய் 6 அங்குல விட்டம் வேண்டும். சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டை இருக்கிறதென்று குறுக்கிக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். 6 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 28 சதுர அங்குலம், 4 அங்குலத்துக்கு 12.5 மட்டும், பாதிகூட இல்லை. மோட்டார் கத்தும், புகை போகாது. குழாய் 10 அடிக்குள் முடியட்டும், வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். மடிப்பு மடிப்பாக நீளும் அலுமினியக் குழாயை முழுசாக இழுத்து விறைப்பாகப் பொருத்தச் சொல்லுங்கள். தொய்ந்து நின்றால் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். வெளிமுனையில் மூடித்திறக்கும் தகடு இல்லாவிட்டால் எதிர்க்காற்று புகையை உள்ளே தள்ளும், குருவியும் கூடு கட்டும்.

வடிவத்துக்கு வருவோம். தாளிக்கும்போது புகை பொசுக்கென்று ஒரே மூச்சில் எழும். அதைச் சிம்னி உடனே முழுசாக இழுத்துவிட முடியாது. ஒரு கணம் தன் வயிற்றுக்குள் பிடித்துவைத்துப் பிறகுதான் இழுக்கும். ஆகவே அடிப்பக்கம் குழிந்து, கூடாரம் போல் இருப்பது நம் சமையலுக்குப் பொருந்தும். தட்டையான கண்ணாடிப் பலகைக்கு நடுவில் சின்ன வாய் மட்டும் வைத்த மாடலில், மிளகாய் வறுத்த புகை கண்ணாடியில் மோதி ஓரமாக வழிந்து கூடத்துக்கு வந்துவிடும். வளைந்த கண்ணாடியால் உறிஞ்சுவது கூடுவதில்லை. துடைக்கும் பரப்புதான் கூடுகிறது. சாய்வுக் கண்ணாடி மாடலில் ஒரு நிஜமான வசதி உண்டு: உயரமானவர் குனிந்து வாணலியைப் பார்க்கும்போது தலை இடிக்காது. அதில் உறிஞ்சும் வாய் அடுப்பின் பின்பக்கப் பர்னருக்கு மேலாகத்தான் இருக்கும் என்பதால், வறுவல் பொரியலைப் பின் பர்னரில் வைத்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுப்பின் மேல்பரப்பிலிருந்து சிம்னியின் அடி 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் புகை சிதறிவிடும், கீழே வந்தால் ஃபில்டரில் உள்ள எண்ணெய்க்கு ஆபத்து. மூன்று பர்னர் வரை 60 செ.மீ. அகலச் சிம்னி போதும். அடுப்பு 75 செ.மீ.க்கு மேல் என்றால் 90. சமையலுக்கு 3 நிமிடம் முன்பே போட்டுவிட்டு, முடிந்த பின் 10 நிமிடம் ஓடவிடுங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னலை அந்த நேரத்தில் சாத்தி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவையுங்கள். குறுக்குக் காற்று வந்தால் எந்தச் சிம்னியும் தோற்கும்.

'ஆட்டோ கிளீன்' என்பதைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. அது மோட்டார் அறையைச் சூடாக்கி, அங்கே ஒட்டிய எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் விழவைக்கும். குழாயையோ கண்ணாடியையோ ஃபில்டரையோ கழுவாது. மடிப்புத் தகடு வைத்த ஸ்டீல் ஃபில்டரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொதிநீரில் பாத்திரம் கழுவும் திரவமும் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு அரைமணி ஊறவைத்துத் தேய்க்கலாம். வலை போன்ற அலுமினிய ஃபில்டருக்கு வெறும் பாத்திரத் திரவம்தான். சிலர் போடும் காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துக் கரைத்தேவிடும். ஃபில்டர் கறுத்துப் பொத்தலாவது அதனால்தான்.

ராக்கெட் மாதிரி மூன்று கால் வைத்த எலுமிச்சை பிழியும் கருவி ஒன்றைப் பல வீட்டு அலங்காரப் படங்களில் பார்க்கிறேன். நகல்களும் விற்கிறார்கள். நன்றாகப் பிழியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

அது பிரான்ஸைச் சேர்ந்த ஃபிலிப் ஸ்டார்க், இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக வடிவமைத்த 'ஜூசி சாலிஃப்'. 1990-இல் வந்தது. வார்ப்பு அலுமினியம், 29 செ.மீ. உயரம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்ற பொருள். பிழியும், ஆனால் வடிகட்டி கிடையாது, விதையும் சக்கையும் சாறோடு தம்ளரில் விழும். அழுத்தும்போது கிரானைட் மேடையில் கால்கள் நழுவும். எலுமிச்சையின் அமிலம் அலுமினியத்தை மங்கவைக்கும் என்பதால் உடனே கழுவ வேண்டும். ஷோகேஸில் நிறுத்த ஆசைப்பட்டால் வாங்குங்கள், அதற்கு அது தகுதியான பொருள்தான். பெயர் தெரியாத வார்ப்பு அலுமினிய நகலில் சாறு பிழிந்து குடிக்காதீர்கள், உலோகக் கலவையில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அதே 1990-இல் அமெரிக்காவில் இன்னொரு பொருள் வந்தது. மூட்டுவலியால் மனைவி பெட்ஸி காய்சீவப் படும் சிரமத்தைப் பார்த்து சாம் ஃபார்பர் என்பவர் ஆரம்பித்த ஆக்ஸோ நிறுவனத்தின் 'குட் கிரிப்ஸ்' தோல்சீவி. தடித்த கறுப்பு ரப்பர் பிடி, கட்டைவிரல் படும் இடத்தில் மெல்லிய வரிவரியான செதில்கள். ஈரக்கையிலும் வழுக்காது. அதுவும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரிசு கொடுக்க யோசிக்கிறீர்கள் என்றால், எங்கள் ஓட்டு தோல்சீவிக்கே. அதே மாதிரித் தடித்த பிடி வைத்தவை இங்கேயும் கிடைக்கின்றன. வாங்கும்போது கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள்.

பழைய பாணிப் பாத்திரங்கள் மீது மகளுக்கு ஆசை. ஈயச்சொம்பு, பித்தளை உருளி எல்லாம் சீரில் வைக்கலாம் என்றிருக்கிறோம். வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

நல்ல ஆசை, ஈயச்சொம்பில்தான் அதிகக் கவனம் வேண்டும். ரசம் வைக்க ஏற்றது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் விஷம், அதுவும் புளியும் தக்காளியும் கொதிக்கும்போது கரைந்து இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடியது. வெள்ளைத்தாளில் சொம்பின் அடியை அழுத்தித் தேய்த்தால் பென்சில் கோடு போலக் கறுப்பாக விழுவது காரீயத்தின் குணம். நல்ல வெள்ளீயத் தகட்டை வளைத்தால் 'கிரீச்' என்று மெல்லிய முனகல் கேட்கும். இவை முதற்கட்டச் சோதனைகள்தான், சிறிதளவு கலப்படத்தைக் காட்டிக் கொடுக்காது. நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி போன்ற ஒன்றில் ஈயத்தையும் பரிசோதிக்க முடியும். பரிசோதனைச் சீட்டோடு விற்பவரிடம் வாங்குங்கள். சீட்டு இல்லாமல் விலை குறைவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசமோ தண்ணீரோ உள்ளே இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால்தான் தாக்குப்பிடிக்கிறது. முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சின்ன பர்னர், சின்னத் தீ. சுடர் அடியைத் தாண்டிப் பக்கச்சுவரை நக்கக் கூடாது, ரசத்தின் மட்டத்துக்கு மேலே உள்ள சுவர்தான் முதலில் உருகும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்டுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். புளி, தயிர், எலுமிச்சை சேரும் எதையும் ஈயம் பூசாத பித்தளையில் சமைக்கக் கூடாது. உள்பக்கம் வெள்ளியாக மின்னுகிற பூச்சு மங்கி மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசக் கொடுங்கள். பூசுகிறவரிடமும் சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்குங்கள். அலங்காரக் கடைகளில் கண்ணாடி போல மின்னும் உருளிகள் பலவற்றில் கறுக்காமல் இருக்க லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். அவை பூ மிதக்கவிட மட்டுமே. அடுப்பில் ஏற்றினால் பூச்சு கருகிப் புகையும். சமைக்கவா, அலங்காரத்துக்கா என்று சொல்லி வாங்குங்கள்.

கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜை அலமாரிகளுக்கு நடுவே இடைவெளி தெரியாமல் பொருத்தலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். இப்போதைய ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய், பெரும்பாலும் பக்கவாட்டுத் தகடுகளுக்கு உள்ளேயே ஓடுகிறது. கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பலகையால் நெருக்கிவிட்டால் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், ஆயுள் குறையும். கையேட்டில் சொன்ன இடைவெளியை விடுங்கள். அது கைவசம் இல்லையென்றால் பக்கத்துக்கு 5, பின்னாலும் மேலேயும் 10 செ.மீ. வையுங்கள். கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் உள்டிராயரை வெளியே இழுக்க முடியும் என்பதையும் தச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் ஷட்டர் போட்ட அலமாரிக்குள் மறைத்துவிட்டால் மேடை சுத்தமாகத் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

மறைத்து வைக்கலாம், உள்ளேயே வைத்து ஓட்டத்தான் கூடாது. மிக்ஸியின் மோட்டார் கீழிருந்து காற்றை இழுத்துத் தன்னை ஆற்றிக்கொள்கிறது. மூடிய அலமாரியில் அதே சூட்டுக்காற்றைத் திரும்பத் திரும்ப இழுக்கும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் அடிக்கடி வெளியே துள்ளினால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். மிக்ஸியை வெளியே இழுத்து ஓட்டும்படி, பூட்டிக்கொள்ளும் சறுக்குப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். கனம் தாங்கும் 45 கிலோ தண்டவாளம் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அரைக்கும்போது பலகை அதிரும். உள்ளே உள்ள பிளக்கில் கெட்டிலோ இண்டக்‌ஷனோ சேருமானால் 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக் கம்பி. 2,000 வாட் இண்டக்‌ஷன் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட் சூடேறி உருகக்கூடும்.

கிரைண்டரில் தோற்றத்தைவிட அது உட்காரும் உயரம் முக்கியம். சமையல் மேடை பொதுவாக 33, 34 அங்குலம். அதன்மேல் டேபிள்டாப் கிரைண்டரை வைத்தால் டிரம்மின் வாய் பெரும்பாலான பெண்களுக்கு நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். மாவை வழிக்க முழங்கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும், குழவியைத் தூக்கினால் தோள் பிடித்துக்கொள்ளும். 24 அங்குல உயரத்தில் ஒரு தனித் திட்டு கட்டுங்கள். பக்கத்திலேயே சிங்க் இருந்தால் இன்னும் நல்லது. கோயம்புத்தூர்க் கிரைண்டர்களில் இப்போது பூவேலை, உலோக வண்ணம் என்று நிறைய வருகின்றன. வெளிப்பெட்டி எந்த நிறமானாலும் சரி, டிரம்மின் அடியில் கல்லும் ஸ்டீலும் சேரும் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற சந்து இருந்தால் மாவு அங்கே தங்கிப் புளிக்கும், அடுத்த மாவும் சீக்கிரம் புளிக்கும். வழித்த பின் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டால் அந்த வளையம் சுத்தமாகும். பிறகு டிரம்மைக் கவிழ்க்காமல் சாய்த்து உலர்த்துங்கள்.

வெள்ளை மிக்ஸி, ஜார் மூடி எல்லாம் மஞ்சள் கறை. எதைப் போட்டாலும் போகவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெயிலில் வெளுத்துவிடும். மூடியைச் சோப்பால் எண்ணெய் போகக் கழுவி, ஈரத்தோடு நேர் வெயிலில் வையுங்கள். இரண்டு மூன்று பகலில் கறை மங்கிப் போகும். மிக்ஸியின் உடலை அப்படி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வெயிலில் பழுப்பேறும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் மூடியைக் காரமான சோடாத்தூளில் ஊறப்போட்டால் மயிர்க்கோடு விட்டு வெடிக்கும்.

இளம்பச்சை, ரோஜா நிற செராமிக் பூச்சு வாணலிகள் அழகாக இருக்கின்றன. கறுப்பு நான்-ஸ்டிக்கைவிட நல்லதா?
– வாசகி, நாகர்கோவில்

கறுப்பு நான்-ஸ்டிக்கில் உள்ளது டெஃப்லான் என்று சொல்லப்படும் பி.டி.எஃப்.இ. பூச்சு; 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் வாணலியைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். செராமிக் என்று விற்பது சிலிக்கா அடிப்படையிலான மெல்லிய பூச்சு, சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் வழுக்கும் தன்மை சீக்கிரம் போய்விடும். காரணம் எண்ணெய்: பெரிய தீயில் எண்ணெய் கருகிக் கண்ணுக்குத் தெரியாத பிசினாக ஒட்டுகிறது, அடுத்த தோசை அந்தப் பிசினில்தான் ஒட்டுகிறது. நடுத்தரத் தீ, மரக்கரண்டி, ஆறிய பின் கழுவுதல் என்று வைத்துக்கொண்டால் நாள் நீளும். வெளிர்நிற உட்புறத்தில் சாம்பாரும் மீன்குழம்பும் கறையிடும். முட்டை, அப்பம், உப்புமா போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி வறுவலுக்கு இரும்புச்சட்டிக்கு ஈடு இல்லை.

நிறமும் வேண்டும், உழைக்கவும் வேண்டுமென்றால் எனாமல் பூசிய வார்ப்பிரும்பைப் பாருங்கள். இரும்பின்மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்தது அது, புளிக்குழம்பும் வைக்கலாம். விளிம்பில் கரண்டியைத் தட்டினால் சில்லு பெயரும், சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். கனமும் அதிகம், ஒரு கையால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் தொடுதிரை நல்லதா, திருகு நல்லதா? பாத்திரம் எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், காரைக்குடி

திருகுதான். தொடுதிரை துடைக்கச் சுலபம், பார்க்கவும் ஒரே பரப்பாக நேர்த்தி. ஆனால் ஈர விரலையும் பொங்கி வழிந்த கஞ்சியையும் அதனால் பிரித்தறிய முடியாது. தானாக அணையும், அல்லது அழுத்தினால் கேட்காது. தொடுதிரைதான் வேண்டுமென்றால் பொத்தான்கள் சமைக்கும் வட்டத்திலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி இருக்கும் மாடலாகப் பாருங்கள்.

பாத்திரத்தின் அடியில் காந்தம் கெட்டியாக ஒட்ட வேண்டும். 304 ஸ்டீல் பாத்திரங்களில் அதற்காகவே அடியில் 430 தரத் தகட்டைச் சேர்த்திருப்பார்கள். காந்தத்தை நடுவில் மட்டும் வைத்துப் பார்க்காமல் ஓரம்வரை நகர்த்துங்கள். சில பாத்திரங்களில் அந்தத் தகடு நடுவில் சின்ன வட்டமாக மட்டும் இருக்கும், நடுவில் தீய்ந்துபோவதும் ஓரத்தில் வேகாததும் அதனால்தான். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை அடிப்பக்கத்தில் குறுக்காக வையுங்கள். நடுவில் நூலளவு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, சூட்டில் விரிந்து சமமாகிவிடும். ஸ்கேல் நடுவில் முட்டி இரு பக்கமும் ஆடினால் அடி புடைத்திருக்கிறது. அடுப்பின்மேல் பாத்திரம் சுழன்றுகொண்டே இருக்கும், அதை வாங்காதீர்கள்.